கிராஞ்சியிலிருந்து ஒரு காணிக்கை

சிங்கப்பூரின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது கிராஞ்சி. ஜொகூர் பாலத்துக்குக் கொஞ்ச தூரம்தான். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் போர்க் கல்லறையைப் பார்க்கத்தான் இங்கே வருவார்கள். புல்மேட்டில் 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள். மேலே, 1957-ல் திறந்துவைக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் சுவர்களில், உடல் கிடைக்காமலே போன 24,000க்கும் அதிகமான வீரர்களின் பெயர்கள். இந்தியப் பெயர்கள் வரிசை வரிசையாக வருகின்றன. எண்பது ஆண்டுகளாக யாரும் தேடி வராத கல்லறைக்கும் புல் வெட்டி, பூச்செடி வைத்திருக்கிறார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு நாமும் சுண்ணாம்பு அடிக்கிறோம், நம் வீட்டுக் கல்லறைக்கு மட்டும்.

இன்னொரு கிராஞ்சியும் உண்டு. பக்கத்துச் சுங்கை காடுட்டின் மரப்பட்டறைகள், தொழிற்கூடங்கள், ஊழியர் தங்கும் விடுதிகள் சேர்ந்தது அது. ஞாயிற்றுக்கிழமை அந்த விடுதிக்காரர்கள் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நிற்பார்கள். ஜொகூரிலிருந்து வரும் 170ஆம் எண் பேருந்து உட்லண்ட்ஸ் சாலை, புக்கித் தீமா வழியாகக் குயீன் ஸ்திரீட்டில் போய் நிற்கும். இறங்கினால் நடக்கிற தூரத்தில் ஓஃபிர் சாலை லூர்து மாதா கோயில். அன்று நானும் அதில் ஏறினேன்.

பக்கத்து இருக்கையில் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்து இளைஞர். எலக்ட்ரீஷியன். கோயில் பாடகர் குழுவில் பாடுகிறாராம். பயிற்சிக்கு நேரம் கிடைக்காததால் புதுப் பாட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி, இரவு விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து பாடிப் பழகுவாராம். நேரம், திறமை, செல்வம் மூன்றையும் கடவுளுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். வாரத்தில் ஒரே நாள் ஓய்வு உள்ளவரிடம் மூன்றில் எது அதிகம் விலைபெறும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

புக்கித் தீமாவில் புனித சூசையப்பர் கோயிலைக் கடந்தோம். 1846-ல் மொடுயி என்ற பிரெஞ்சுக் குரு, கம்பீர், மிளகுத் தோட்டங்களில் உழைத்த சீனர்களுக்காகத் தொடங்கிய பங்கு அது. அதுவும் பிழைக்க வந்தவர்களின் கோயில்தான். அதைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்:

“அண்ணே, கோயில் வரியைக் கொடுக்காம இன்னொருத்தனுக்குக் கொடுத்தா அது பாவமாண்ணே?”

அறைத்தோழர் ஒருவருக்கு வேலையிடத்தில் கை நசுங்கிவிட்டது. இழப்பீடு இன்னும் முடியவில்லை. ஸ்பெஷல் பாஸில் இருக்கிறார், வேலை செய்ய முடியாது. ஊரில் இரண்டு பிள்ளைகள். அறையில் இருப்பவர்கள் மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்புகிறார்கள். இவர் போட்டது, ஊர்த் திருவிழா வரிக்கென்று எடுத்துவைத்த பணம்.

கடற்கரை ஊர்களை அறிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் குத்தகையாகக் கொடுத்து வாழ்ந்த ஊர்கள் அவை. வானைத் தொடும் கோபுரங்கள் அப்படித்தான் எழும்பின. வெளிநாட்டில் இருப்பவன் என்றால் வரியும் கூடும். பாக்கி இருந்தால் கல்யாண ஓலை வாசிப்பதில் சிக்கல் வரலாம். இவருடைய தங்கைக்குத் தையில் கல்யாணம்.

மாற்கு நற்செய்தியில் ‘கொர்பான்’ என்றொரு சொல் வருமே, அதைச் சொன்னேன். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டேன் என்று கைகழுவுகிறவர்களை இயேசு கடிந்துகொள்ளும் இடம். காணிக்கைக்கும் ஒரு வரிசை உண்டு என்பது என் எண்ணம். நசுங்கிய கை முதலில், கொடிமரம் பிறகு. ஆனால் ஓலையை வாசிக்க வேண்டியவன் நானில்லையே. “பங்குச்சாமிகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க” என்றேன்.

லூர்து மாதா கோயில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே எழுந்தது. 1886-ல் அடிக்கல், 1888-ல் மந்திரிப்பு. 2005-ல் தேசிய நினைவுச்சின்னமானது. பிரான்சின் லூர்து பேராலயத்தின் சாயலில் கூர்கோபுரம். 1998-ல் தொடங்கிய மறைமாவட்டப் புலம்பெயர்ந்தோர் ஆணையம் வெளிநாட்டு ஊழியர்களைக் கவனித்துவருகிறது. கைக்காரத் தோழரின் வழக்கை அங்கேயும் சொல்லலாம் என்று அவரிடம் சொன்னேன். குறித்துக்கொண்டார்.

திருப்பலியில் உண்டியல் பை வரிசையாக வந்தது. மேலே பாடகர் குழுவிலிருந்து அவர் குரலைப் பிரித்தறிய முயன்று தோற்றேன். நன்றாகவே பாடினார்கள்.

வெளியே வந்தபோது போனில் பேசிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு என்னிடம் வந்தார். “பங்குச்சாமிதாண்ணே. பொங்கலுக்குள்ள பாதி கட்டிடறேன்னேன். ‘மொதல்ல அந்தப் பையன் கை எப்படியிருக்கு’ன்னு கேட்டாரு.” தேக்காவில் கருவாடு வாங்க வேண்டுமாம், அறைத்தோழர் கேட்டிருக்கிறார். இடக்கையால் அவரே குழம்பு வைக்கப் போகிறாராம்.