குத்துச்சண்டையும் ஒரு குறிப்பேடும்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் பாரிவாக்கம் என்னும் ஊர் உள்ளது. முன்பு வயல் சூழ்ந்த சிற்றூராக இருந்த அது, இன்று சென்னைப் பெருநகரின் மேற்குப் புறநகர்களுள் ஒன்றாகிவிட்டது. அவ்வூரில் பெரியவர் ஒருவர் வாழ்கிறார். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எழுபது வயதைக் கடந்தவர். அவரிடம் நீல அட்டையிட்ட பழைய கணக்கேடு ஒன்று உண்டு. அதில் வரவும் இல்லை, செலவும் இல்லை. ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, உலகப் போட்டி ஆகியவை தொடங்குவதற்கு முன்பு, குத்துச்சண்டையில் யார் யார் பதக்கம் பெறக்கூடும் என்று அவர் எழுதி வைத்த பெயர்களே அதில் உள்ளன.

பெரியவர் பிறந்தது இராயபுரத்தில். வட சென்னையில் குத்துச்சண்டை ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு பேசப்பட்ட கலை. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என வீரர்கள் பிரிந்து நின்று மோதுவர். அவரவர் பரம்பரை வெல்லும் என்று அவரவர் பக்கத்தார் அடித்துக் கூறுவர். சிறுவனாகிய அவரைத் தந்தையார் தோளில் ஏற்றிக்கொண்டு சண்டை பார்க்கச் செல்வது வழக்கம். “எல்லாரும் கையைப் பார்க்கிறார்கள், நீ காலைப் பார். கால் ஓய்ந்தால் கை ஓயும்” என்று தந்தையார் சொல்லிக் கொடுத்தாராம். அக்கூட்டத்தில் ஒருவர்கூடத் தம் பரம்பரை தோற்கும் என்று சொல்லிக் கேட்டதில்லை என்பார் பெரியவர். அவர்கள் கணித்தவர்கள் அல்லர்; விரும்பியவர்கள். விருப்பத்தைக் கணிப்பு என்று மயங்குவது வட சென்னைக்கு மட்டும் உரிய குறையன்று. உலகம் முழுவதும் விளையாட்டுப் பக்கங்களில் அதனை நாள்தோறும் காணலாம்.

பெரியவரும் அம்மயக்கத்திலிருந்து தப்பவில்லை. ஏட்டின் முதற்பக்கம் 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கைப் பற்றியது. அதில் சென்னையைச் சேர்ந்த வீரர் வெ. தேவராஜனின் பெயரை அவர் பெரிய எழுத்தில் எழுதியுள்ளார். காரணம் என்ன? “நம் ஊர்க்காரர்” என்பதைத் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை. அவ்வாண்டு இந்தியாவுக்கு எந்த விளையாட்டிலும் பதக்கம் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1994இல் பாங்காக்கில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் அதே தேவராஜன் வெண்கலம் வென்றார். அப்போது பெரியவர் அவர் பெயரை எழுதியிருக்கவில்லை. “எழுதியபோது வரவில்லை; எழுதாதபோது வந்தது” என்று சொல்லி இன்றும் சிரிப்பார்.

அதன் பிறகே அவர் ஏட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் கோடிட்டு இரண்டாகப் பிரித்தார். இடப்பக்கத்தில் வீரரின் பெயரும், அவர் வெல்லக்கூடும் என்பதற்கான காரணமும். வலப்பக்கத்தில் அக்கணிப்பு எதனால் பொய்க்கலாம் என்பது. எழுதியதை அழிப்பதில்லை என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட கட்டளை.

வலப்பக்கத்தில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிரம்ப இருக்கிறது. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் மூன்றாம் இடத்திற்கெனத் தனியே ஆட்டம் கிடையாது. அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் அளிக்கப்படும். ஆதலின் ஓர் எடைப்பிரிவில் நால்வர் பதக்கம் பெறுவர். பதினாறு பேர் களத்தில் இருந்தால் இரண்டு வெற்றி போதும். முப்பத்திரண்டு பேர் எனில் மூன்று வேண்டும். யார் யாரை எப்போது சந்திப்பது என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. உலகின் சிறந்த இருவர் தொடக்கத்திலேயே எதிர்ப்பட்டால், அவர்களுள் ஒருவர் வெறுங்கையுடன் ஊர் திரும்ப வேண்டியதுதான். ஆகவே, ‘யார் சிறந்தவர்?’ என்பது ஒரு வினா. ‘யார் பதக்கம் பெறுவார்?’ என்பது வேறு வினா.

அடுத்தது எடை. ஆட்டம் உள்ள நாளின் காலையில் வீரர் எடை பார்க்கப்படுவார். வரம்பைச் சிறிது தாண்டினாலும் களம் இல்லை. உடல் எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்தவரின் கால்கள், மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்றனுள் கடைசிச் சுற்றில் கனக்கத் தொடங்கும். பிறகு நடுவர்கள். 1988இல் சியோல் நகரில் அமெரிக்க வீரர் ராய் ஜோன்ஸ் இறுதி ஆட்டம் முழுவதும் ஓங்கி நின்றும், மூன்றுக்கு இரண்டு என்னும் நடுவர் தீர்ப்பால் கொரிய வீரரிடம் தங்கத்தை இழந்தார். அதன் பின்னர் 1992இல் பொத்தானை அழுத்தி மதிப்பெண் இடும் கருவி வந்தது. 2013இல் அதுவும் போய், சுற்றுக்குப் பத்து மதிப்பெண் என்னும் முறை வந்தது. முறைகள் மாறின, ஆயினும் வலப்பக்கத்தில் ‘நடுவர்’ என்ற சொல்லை எழுதுவதைப் பெரியவர் நிறுத்தவில்லை.

ஏட்டைப் புரட்டினால் பொய்த்த கணிப்புகளே மிகுதி. அவற்றுள் சில, பொய்த்ததனாலேயே அவருக்கு மகிழ்ச்சி தந்தவை. 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டுக்குச் செல்லும் அணியிலிருந்து மணிப்பூர் வீரர் டிங்கோ சிங்கின் பெயர் முதலில் நீக்கப்பட்டிருந்தது. பின்னர் அவர் சேர்க்கப்பட்டார், சென்றார், தங்கமும் வென்றார். இந்தியக் குத்துச்சண்டைக்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த ஆசியத் தங்கம் அது. 2012இல் மகளிர் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. எடைப்பிரிவுகள் மூன்றே, அவற்றுள் குறைந்தது 51 கிலோ. ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற மேரி கோம் அதனினும் குறைந்த எடையில் ஆடிப் பழகியவர். தம்மினும் பெரிய உடலுடையாரை அவர் எவ்வாறு வெல்வார் என்று எண்ணிய பெரியவர், ‘பதக்கம் ஐயம்’ என்று எழுதினார். மேரி கோம் வெண்கலத்துடன் திரும்பினார்.

ஆனால், டோக்கியோ பக்கத்தைப் புரட்டும்போது பெரியவர் சிரிப்பதில்லை. பெருந்தொற்றினால் ஓராண்டு தள்ளி 2021இல் நடைபெற்ற ஒலிம்பிக் அது. 52 கிலோ பிரிவில் அமித் பங்கல் தரவரிசையில் முதலிடம் பெற்றிருந்தார். 2019ஆம் ஆண்டு உலகப் போட்டியில் வெள்ளி வென்றவர். அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்திய ஆடவர். முதற்சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் செல்லும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. ‘பதக்கம் உறுதி’ என்று இடப்பக்கத்தில் எழுதினார் பெரியவர். வலப்பக்கத்தை வெற்றிடமாக விட்டார். அந்த ஏட்டிலேயே அவ்வாறு விடப்பட்ட இடம் அது ஒன்றுதான்.

பங்கல் தம் முதல் ஆட்டத்திலேயே கொலம்பியாவின் யூபர்ஜென் மார்டினெஸிடம் தோற்றார். மார்டினெஸ் யாரோ ஒருவர் அல்லர்; 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். முதற்சுற்றில் பங்கலின் கை ஓங்கியிருந்தது. பின்னிரு சுற்றுகளிலும் மார்டினெஸ் ஓயாது நெருங்கி வந்து குத்தினார். மார்டினெஸின் பெயர் ஒன்றே வலப்பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது பெரியவரின் வருத்தம். அந்தத் தோல்வி பங்கலுக்கு எத்தகைய துன்பம் தந்திருக்கும்! நாடு முழுவதும் பதக்கத்தை அவர் கழுத்தில் முன்னரே அணிவித்து அழகு பார்த்தது. கணித்தவர்கள் மறுநாள் வேறொரு பெயரைத் தேடிச் சென்றுவிடலாம். தோற்றவர் அந்த ஒன்பது நிமிடங்களைத் தம்முடன் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

அதே பக்கத்தில் மற்றொரு பிழையும் உண்டு. அசாமைச் சேர்ந்த லவ்லினா போர்கோஹெய்னின் பெயரைப் பெரியவர் எழுதவேயில்லை. காலிறுதியில் அவர் சந்திக்கவிருந்தவர் தைவானின் சென் நியென்-சின். 2018ஆம் ஆண்டு உலகப் போட்டி அரையிறுதியில் லவ்லினாவை வென்றவர். பழைய கணக்கைப் பார்த்துப் பெரியவர் ஒதுங்கிக்கொண்டார். லவ்லினாவோ அந்தப் பழைய கணக்கைத் தீர்க்கவே களம் இறங்கியவர்போல் ஆடி வென்று, வெண்கலத்தை உறுதி செய்துகொண்டார்.

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் வந்தது. இந்தியாவிலிருந்து அறுவர் குத்துச்சண்டைக்குச் சென்றனர். மாலை வேளையில் தெருப் பிள்ளைகள் பெரியவரின் வீட்டுத் திண்ணையில் கூடினர். அவர்களுள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியும் இருந்தாள். பதினாறு வயதினள், குத்துச்சண்டை பயில்பவள். நிகத் சரீனின் படத்தைத் தன் பையில் வைத்திருப்பவள்.

“நிகத்துக்குத் தங்கம் என்று எழுதுங்கள், தாத்தா” என்றாள் அவள்.

எழுதினார். 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகப் பட்டம் வென்றவர் என்ற காரணத்தையும் எழுதினார். குலுக்கல் முடிவு வெளிவந்ததும் வலப்பக்கத்தில், ‘தரவரிசையில் இடம் இல்லை, இரண்டாம் ஆட்டத்தில் சீனாவின் வூ யூ எதிர்ப்படுவார்’ என்று குறித்தார். லவ்லினாவின் பெயருக்கு எதிரே, ‘காலிறுதியில் லீ சியான்’ என்று எழுதினார். நிஷாந்த் தேவின் பெயருக்கு எதிரே, ‘மெக்சிகோவின் மார்கோ வெர்டே, நடுவர்’ என்று எழுதினார்.

“இப்படியும் அப்படியும் எழுதினால் அது என்ன கணிப்பு, தாத்தா? எப்படிப் போனாலும் நீங்கள் சொன்னது சரியாகிவிடுமே!” என்றான் ஒரு சிறுவன். அவன் கேட்டதிலும் நியாயம் உண்டு. பெரியவர் சற்று நேரம் அவனைப் பார்த்தார். “மூவருக்கும் பதக்கம் என்றுதான் எழுதியிருக்கிறேன், தம்பி. கிடைக்காவிட்டால் நான் தோற்றவன்தான். எங்கே தோற்றேன் என்று தெரிய வேண்டாவா?” என்றார்.

மூவருக்கும் கிடைக்கவில்லை. நிகத் வூ யூவிடம் தோற்றார். வூ யூ தங்கம் வென்றார். லவ்லினா லீ சியானிடம் தோற்றார், அவருக்கும் தங்கம். நிஷாந்த் காலிறுதியில் வெர்டேயிடம் தோற்றபோது, தீர்ப்பைக் குறித்துப் பலர் பலவாறு பேசினர். வெர்டே வெள்ளி வென்றார். ஜாஸ்மின் லம்போரியாவை வென்ற பிலிப்பைன்ஸ் வீராங்கனைக்கும் வெண்கலம் கிடைத்தது. சென்ற அறுவருள் நால்வரைத் தோற்கடித்தவர்கள் பதக்கம் பெற்றவர்களே! பதக்கப் பட்டியலில் இந்தியக் குத்துச்சண்டைக்கு எதிரே ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடத்தை மட்டும் பார்ப்பவர்க்கு இச்செய்தி தெரியாது. அடுத்த ஆண்டு லிவர்பூல் உலகப் போட்டியில் அதே ஜாஸ்மின் தங்கம் வென்றார் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது அவருக்கு நீதி செய்வதாகாது.

நிகத் தோற்ற அன்று அந்தப் பெண் திண்ணைக்கு வரவில்லை. நான்கு நாள் கழித்து வந்தாள். ஏட்டை வாங்கிப் பாரிஸ் பக்கத்தின் வலப்புறத்தை இருமுறை படித்தாள். பின்பு, “அடுத்த மாதம் எனக்கு மாவட்டப் போட்டி. என் பெயரையும் எழுதுங்கள், தாத்தா” என்றாள்.

பெரியவர் பேனாவை எடுத்தார். மீண்டும் கீழே வைத்தார். “உன்னைப் பற்றி எழுதினால் என் ஆசையைத்தான் எழுதுவேன், அம்மா. தேவராஜனுக்கு எழுதியதுபோல் ஆகிவிடும். நீயே எழுது” என்று ஏட்டை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் கோடு கிழித்தாள். வலப்பக்கத்தையே முதலில் எழுதத் தொடங்கினாள். ‘எடை அரைக் கிலோ கூடுதல். குத்தியபின் இடக்கை தாழ்கிறது. சென்ற ஆண்டு என்னை வென்றவளும் வருகிறாள்’ என்று எழுதினாள். பிறகு இடப்பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நெடுநேரம் நின்றது.

பெரியவர் மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு படித்தார். “மூன்றாம் சுற்றில் உன் கால் எப்படி இருக்கிறது?” என்று கேட்டார்.

அவள் சற்று யோசித்தாள். வலப்பக்கத்தில் ‘கால்’ என்று எழுதினாள். பயிற்சிக்கு நேரமாயிற்று என்று எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி ஓடினாள்.