டெஸ்டினியும் சதுரங்கப்பட்டினமும்

பர்னபி மலைமேல் இருக்கும் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகம் முழுக்கக் கான்கிரீட். மழையில் கறுத்துப்போகும், மூடுபனி இறங்கினால் பாதிக் கட்டடம் காணாமல் போய்விடும். வான்கூவர் பக்கம் குடிவந்த புதிதில் அதைப் பார்த்து, வேற்றுக் கிரகம் மாதிரியல்லவா இருக்கிறது என்று நினைத்தேன். ‘ஸ்டார்கேட்’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரை எடுத்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அதே முற்றத்தை டோலன் என்னும் இனத்தாரின் உலகமாகக் காட்டினார்கள்.

1997-இல் தொடங்கி 2011 வரை ஸ்டார்கேட் பெயரில் மூன்று தொடர்கள் பர்னபியின் பிரிட்ஜ் ஸ்டூடியோவில் உருவாயின. முதல் தொடர் பத்துப் பருவம், 214 பகுதிகள். இரண்டாவதான அட்லாண்டிஸ், சரியாக நூறு. கதைப்படி பால்வெளி முழுக்கச் சுற்றுகிறார்கள். ஆனால் எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அங்கே டக்ளஸ் ஃபர் மரம், பாசி படர்ந்த பாறை, நசநசவென்று தூறல். ரசிகர்களே இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அவர்கள் அந்நிய உலகமென்று காட்டிய காட்டில்தான் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறேன்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவன் சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் என் அண்ணன் மகன். ஒரு பக்கம் டச்சுக்காரர்கள் விட்டுப்போன கோட்டை, இன்னொரு பக்கம் கல்பாக்கம் அணுமின் நிலையம். இரண்டுக்கும் நடுவே வளர்ந்த பிள்ளைக்கு அறிவியல் புனைகதைப் பைத்தியம் பிடித்ததில் வியப்பில்லை. நான் பர்னபியில் இருப்பதால் அவன் கண்ணில் நான் பெரிய ஆள். கோடம்பாக்கத்தில் வீடு என்றால் ரஜினியைத் தெரியுமா என்று கேட்பதுபோல, “சித்தப்பா, பிராட் ரைட்டை எங்கனா பார்த்தீங்களா?” என்பான். அந்தத் தொடர்களை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். நான் பார்த்ததில்லை. பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது.

அவன் உயிரை விடுவது மூன்றாவது தொடருக்காக. ‘ஸ்டார்கேட் யுனிவர்ஸ்’, 2009 அக்டோபரில் வந்தது. எதிரிகள் தாக்கும்போது தப்பிக்க வழியில்லாமல் ஒரு கூட்டம், கிரகம் விட்டுக் கிரகம் கடத்தும் ‘ஸ்டார்கேட்’ என்ற வாயிலுக்குள் பாய்கிறது. போய் விழுந்த இடம் டெஸ்டினி என்ற பழங்காலக் கப்பல். பூமியிலிருந்து நினைத்துப்பார்க்க முடியாத தொலைவில், ஆளில்லாமல் தன்போக்கில் போய்க்கொண்டிருக்கும் கப்பல். தண்ணீர் இல்லை, காற்று குறைகிறது, திரும்ப வழி தெரியாது. அதிலே எலி என்றொரு பையன். வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து கணினி விளையாட்டு ஆடியவன். விளையாட்டுக்குள் ஒளித்துவைத்திருந்த ஒரு கணக்கைத் தீர்த்ததால் இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஊரோடு பேச அவர்களுக்கு ஒரு வழி உண்டு. கற்கள். கப்பலில் ஒருவர் கல்லின்மேல் கைவைத்தால், பூமியில் இன்னொரு கல்லின்மேல் கைவைத்தவரின் உடம்புக்குள் போய்விடலாம். கொஞ்ச நேரம் நடக்கலாம், சாப்பிடலாம், வீட்டுக் கதவைத் தட்டலாம். கதவைத் திறப்பவர்களுக்குத் தெரிவது மட்டும் வேறு யாருடைய முகமோ. எலி இப்படித்தான் நோயாளித் தாயைப் பார்க்கப் போகிறான்.

விண்வெளிச் சண்டைகளில் எனக்கு நாட்டமில்லை. இந்தக் கற்களுக்காகத்தான் தொடரை முழுதும் பார்த்தேன். ஊருக்குப் போகும்போது, மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் வாசலில் சீட்டுக் கொடுப்பவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். சதுரங்கப்பட்டினம் என்று தமிழில் சொன்னால், சரி என்று சிரிக்கிறார், நம்பினாரா தெரியவில்லை. அம்மாவோடு காணொளியில் பேசும்போது இங்கே இரவு, அங்கே அடுத்த நாள் காலை. அவர் பின்னால் மீன்காரம்மாவின் குரல் கேட்கிறது. வஞ்சிரம் என்ன விலை என்று நானும் கேட்கிறேன். வாங்கப்போகிறவன் மாதிரி.

2010 டிசம்பரில் தொடரை நிறுத்துவதாக அறிவித்தார்கள். கடைசிப் பகுதி அடுத்த ஆண்டு மே மாதம் ஒளிபரப்பானது. அதன் முடிவு இது: அடுத்த விண்மீன் மண்டலத்தைச் சேர மூன்று ஆண்டுகளாவது ஆகும். அதுவரை எல்லோரும் உறைநிலைப் பெட்டிகளில் படுத்தாக வேண்டும். ஒரு பெட்டி பழுது. எலி விழித்திருக்கிறான். இரண்டு வாரத்துக்குள் அதைச் சரிசெய்யாவிட்டால் அவன் பாடு அவ்வளவுதான். கண்ணாடிக்கு முன்னால் நின்று வெளியே பார்க்கிறான். முடிந்தது.

சினிமாப் படமாக எடுத்தாவது இதை முடித்துவைப்பார்கள் என்று உலகெங்கும் ரசிகர்கள் காத்திருந்தார்கள். வழக்கமில்லாத ஆசையுமல்ல. முதல் தொடர் முடிந்தபின் 2008-இல் இரண்டு படங்கள் நேராகக் குறுந்தகடாக வந்திருந்தன. ஆனால் குறுந்தகடு விற்பனை சரிந்துகொண்டிருந்தது. உரிமை வைத்திருந்த எம்ஜிஎம் நிறுவனம் 2010 நவம்பரில் திவாலாகி நீதிமன்றம் போனது. அடுத்த ஆண்டு, படம் எதுவும் இப்போதைக்கு இல்லை என்று பிராட் ரைட்டே ரசிகர்களிடம் சொல்லிவிட்டார்.

அண்ணன் மகனிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. பதில் தயாராக வைத்திருப்பான். ‘ஸ்டார் ட்ரெக்’ 1969-இல் நின்றது. 1979-இல் திரைப்படமாக வந்தது. நம் பெர்சிஸ் கம்பாட்டா மொட்டைத் தலையோடு நடித்தாரே, அது. ‘ஃபயர்ஃபிளை’ 2002-இல் ஒரு பருவம்கூட ஒழுங்காக ஓடாமல் நின்றது. எடுத்த 14 பகுதிகளில் 11 மட்டுமே ஒளிபரப்பாயின. ரசிகர்கள் வாங்கித் தீர்த்த குறுந்தகடுகளின் பலத்தில் 2005-இல் ‘செரினிட்டி’ என்று படமானது. ‘ஜெரிக்கோ’ என்ற தொடரை 2007-இல் நிறுத்தியபோது, கதையில் வந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சிபிஎஸ் அலுவலகத்துக்கு டன் கணக்கில் வேர்க்கடலை அனுப்பினார்கள். அதுவும் பலித்தது, ஏழு பகுதிகளுக்கு. “நம்மூரு மல்லாட்டையே மூட்டை மூட்டையா அனுப்பலாம் சித்தப்பா.”

நான் செரினிட்டியின் மறுபக்கத்தைச் சொல்வேன். அந்தப் படம் போட்ட முதலைத் தேற்றியதோடு சரி. இரண்டாவது படம் வரவில்லை. வந்த ஒரே படத்திலும் ரசிகர்கள் நெஞ்சில் வைத்திருந்த இரண்டு பேரைக் கொன்றுவிட்டார்கள். போராடி வாங்கியது அதைத்தானா?

நம் ஊரில் இந்த நோய் வேறுவிதம். தமிழ்த் தொலைக்காட்சியில் தொடரைப் பாதியில் நிறுத்துவது அபூர்வம். ஆறு ஆண்டு, ஏழு ஆண்டு இழுத்து, வில்லி திருந்தும்வரை விடமாட்டார்கள். பாதியில் நிற்பது சினிமா. ஷங்கர் முதலில் கமலை வைத்துத் திட்டமிட்ட ‘ரோபோ’ கைவிடப்பட்டு, பல ஆண்டு கிடந்து, ரஜினியோடு ‘எந்திரன்’ ஆகி 2010 அக்டோபரில் வந்தது. அதில் உழைத்த எழுத்தாளர் சுஜாதா 2008 பிப்ரவரியிலேயே போய்விட்டார். அந்தப் படத்துக்காகக் காத்திருந்தவர்களில் யாரும் கடிதம் எழுதி அதை மீட்கவில்லை. நாம் நட்சத்திரத்துக்குக் கொடி பிடிப்போம், கதைக்குப் பிடித்ததில்லை. சினிமாவை விடுங்கள், எங்கள் மாவட்டமே 1997-இல் பெயரிழந்து காஞ்சிபுரமாகி, 2019-இல் செங்கல்பட்டாகத் திரும்பி வந்தது. அதற்கு ஒரு கடலைகூட யாரும் அனுப்பவில்லை.

என் கட்சி எளியது. படம் வேண்டாம். இரண்டு மணி நேரப் படமென்றால் அவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாக வேண்டும், கட்டிப்பிடித்து அழவேண்டும். சேராமல் இருப்பதுதானே அந்தக் கதை? முடியாமல் நிற்பதற்கும் மதிப்புண்டு. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுச் சிற்பத்துக்கு இன்னொன்று உண்டு, பாதியில் விட்டது. சுற்றுலாப் பேருந்து அங்கே நிற்பதில்லை. ஐந்து ரதங்களும் முற்றுப்பெறாதவைதான். மேலே மெருகு, அடியில் வெறும் பாறை. உளி மேலிருந்து கீழே இறங்கியது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுகொண்டதே அது முடியாமல் நின்றதால்தான். முடித்திருந்தால் அழகைப் பார்த்துவிட்டுப் போயிருப்போம். வேலையைப் பார்த்திருக்க மாட்டோம்.

இதை ஒருநாள் அவனிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“நீங்க ஊருக்குத் திரும்பி வரலன்னா, அவங்களும் வரக்கூடாதா?”

இதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை. சம்பளம், பிள்ளைகளின் படிப்பு என்று வழக்கமானதைச் சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

எம்ஜிஎம்மை அமேசான் 2022-இல் வாங்கியது. 2025 நவம்பரில் புதிய ஸ்டார்கேட் தொடருக்கு ஒப்புதல் என்று செய்தி வந்தது. பழைய தொடர்களில் எழுதிய மார்ட்டின் கெரோ பொறுப்பேற்கிறார். எனக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருந்தது. அதில் டெஸ்டினி வருமா என்பது அவனுக்குப் பொருட்டில்லை. வாயில் திறந்துவிட்டது, இனிப் படமும் வரும் என்கிறான். கதைகூட வைத்திருக்கிறான். நடிகர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டதே என்றேன். அதற்கும் வழி கண்டுவிட்டான்: பெட்டிகள் முழுதும் உறையவைக்கவில்லை, உடம்பு மெல்ல மெல்ல மூத்திருக்கிறது. மூன்று ஆண்டு என்று நினைத்துப் படுத்தவர்கள் எழும்போது பதினைந்து ஆண்டு கழிந்துவிட்டது. படம் அங்கே தொடங்குகிறது. எலி பெட்டியைச் சரிசெய்துவிட்டான், முதலில் எழுவதும் அவன்தான். நேரே கற்களைத் தேடிப் போகிறான்.

நன்றாகத்தான் இருக்கிறது. “அப்ப எலியோட அம்மா?” என்று கேட்டேன்.

“அது இன்னும் எழுதல சித்தப்பா.”