நாலணா எடை

அப்பாவின் 'ஜானி' தட்டில் ஒரு இடம் உண்டு. மழை கொட்டும் மேடையில் ஸ்ரீதேவி நின்று பாடும் அந்தப் பாட்டு. ஜானகியின் குரல் இரண்டாவது சரணத்துக்குள் நுழைந்ததும் முள் ஒரே வட்டத்தில் மாட்டிக்கொள்ளும். ஒரு சொல்லின் பாதியை ஜானகி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். அப்பா எழுந்து போய் ஆட்காட்டி விரலால் டோன் ஆர்மை ஒரு மயிரிழை தள்ளிவிட்டு வந்து உட்காருவார். பாட்டு தொடரும். இந்த இடைவேளையோடுதான் எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். காலேஜ் ஹாஸ்டலில் முதல்முறை கேசட்டில் கேட்டபோது அந்த இடத்தில் பாட்டு தடையில்லாமல் ஓடியது. ஏதோ ஒரு வரியை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சிப்காட் கம்பெனிகளை நம்பி ஓசூருக்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர்களில் அப்பாவும் ஒருவர். பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை வைத்து, டக் என்று அடித்து, எடுத்து, அடுத்ததை வைக்கிற வேலை. முதல் போனஸில் பெங்களூர் போய் செகண்ட் ஹேண்டில் ஒரு எச்.எம்.வி ஃபியஸ்டா பிளேயரும் நான்கு தட்டுகளும் வாங்கி வந்தார். பிறகு ஒவ்வொரு வருஷமும் ஒன்றிரண்டு சேர்ந்தன. 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' வரைக்கும் வாங்கியிருக்கிறார். அதற்குள் வீட்டுக்கு டேப் ரெக்கார்டர் வந்துவிட்டது. தட்டுகள் இரும்பு பீரோவின் மேல்தட்டுக்கு ஏறின.

2020-இல் எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸைப் பூட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது, மிச்சமான பஸ் காசில் ஒரு டர்ன்டேபிள் வாங்கினேன். பீரோ மேலிருந்து தட்டுகளை இறக்கினேன். முதல் தட்டில் முள்ளை வைத்ததும் பாட்டுக்கு முன்னால் கேட்டது, சட்டியில் பொரி பொரிகிற சத்தம்.

எங்கள் ஊர்த் தூசி சாதாரணத் தூசி இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர்போனது. பாளம் ஏற்றிய லாரிகள் போகிற ரோட்டோரத்து வீடு எங்களுடையது. ஜன்னல் கம்பியில் விரலை வைத்தால் சாம்பல் நிறத்தில் ஒட்டும். கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது. பிவிசியை விட அது எவ்வளவோ கடினம். அந்தத் துகள் வரிப்பள்ளத்தில் கிடக்கும்போது மேலே வைர முள் ஓடினால், தட்டைக் கழுவாமல் போடுவது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

துணியால் துடைத்தால் போகாதா என்று கேட்கலாம். நானும் பழைய பனியனில்தான் ஆரம்பித்தேன். எல்.பி. தட்டின் வரிப்பள்ளம் சுமார் 50 மைக்ரான் அகலம், அதாவது தலைமுடியை விட மெல்லியது. ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 667 சுற்று. கணக்குப் போட்டால் ஒரே பள்ளம் 430 மீட்டர் நீளத்துக்குச் சுருண்டு கிடக்கிறது. பனியன் நூல் அதற்குள் இறங்காது. மேலே இருப்பதைப் பள்ளத்துக்குள் தள்ளிவிடும். ஈரத்துணி இன்னும் மோசம். ஈரத்தில் அழுக்கு கரையும், தண்ணீர் காயும், கரைந்த அழுக்கு பள்ளத்தின் அடியிலேயே மறுபடி படியும். சேற்றுத் தண்ணீரை வாய்க்காலிலேயே வற்ற விடுகிற மாதிரி. ஆகவே காய்வதற்கு முன் அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுக்க வேண்டும். வேக்குவம் மெஷின் என்ற ஒன்று இருப்பதற்கு இந்த ஒரே காரணம்தான்.

இது தெரிவதற்குள் ஒரு கொலை செய்துவிட்டேன். அப்பாவிடம் பாட்டி வீட்டிலிருந்து வந்த ஒரு 78 ஆர்.பி.எம் தட்டு இருந்தது. பாகவதர் பாட்டு. யூட்யூப் பார்த்து ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து அதன் மேல் ஒரு சுற்றுச் சுற்றினேன். பஞ்சு கறுப்பானது. 'அப்பா, எவ்வளவு அழுக்கு!' என்று சந்தோஷமாக இன்னொரு சுற்று. பளபளப்பு போய்த் தட்டு வெளிறியபோதுதான் சந்தேகம் வந்தது. அந்தக் காலத்து 78 தட்டுகள் வினைல் இல்லை, ஷெல்லாக். அரக்கு. நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளைகளில் பூச்சிகள் கக்குகிற பிசின்தான் உலகம் முழுக்கத் தட்டாகப் போனது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். தச்சர்கள் கதவுக்குப் பாலிஷ் போடுவதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான். பஞ்சில் வந்தது அழுக்கு இல்லை, பாகவதர். அப்பா தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உறைக்குள் போட்டு வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். பிபிசி நூலகம் மாதிரியான இடங்களில் 1970களிலேயே கீத் மாங்க்ஸ் என்ற ஆங்கிலேயரின் மெஷின்கள் இருந்தன. அதில் ஒரு சின்ன நாசில் தட்டின் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்ந்துகொண்டே உறிஞ்சும். நாசில் தட்டில் உரசாமலிருக்க இடையில் ஒரு நூல். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது நூல் ஊர்ந்து வரும். அழகான ஐடியா. விலையும் அப்படித்தான். இன்னொரு வகை, விபிஐ, ஓக்கி நோக்கி, ப்ரோ-ஜெக்ட் போன்றவை. ஒரு குழாயில் நீளமாகப் பிளவு வெட்டி, இருபுறமும் வெல்வெட் ஒட்டி, தட்டின் மொத்த அகலத்தையும் ஒரே நேரத்தில் உறிஞ்சுவார்கள். அல்ட்ராசோனிக் தொட்டிகளும் உண்டு. நமக்குக் கட்டுப்படியாகக்கூடியது இரண்டாவது வகைதான். அதையும் இறக்குமதி வரியோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு பழைய ஸ்கூட்டர் விலை. உள்ளே என்ன இருக்கிறது? மெதுவாகச் சுற்றும் ஒரு மோட்டார், ஒரு வேக்குவம் மோட்டார், ஒரு குழாய். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஜாவா எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது ஒரு கௌரவப் பிரச்சினை. அதுவும் தடுக்கி விழுந்தால் லேத் பட்டறையில் விழுகிற ஊரில் இருந்துகொண்டு.

பட்டறைக்காரர் வண்டி பார்ட்ஸ் கடைகிறவர். தெலுங்கு வீட்டுக்காரர், என்னிடம் தமிழ், ஹெல்பரிடம் கன்னடம். வரைபடத்தை நீட்டியதும் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"எந்த வண்டிக்கு தம்பி இது?"

"வண்டிக்கு இல்லண்ணா. ரெக்கார்டு கழுவ."

"எந்த ரெக்கார்டு? பத்திரமா?"

பாட்டு ரெக்கார்டு என்றதும் சிரித்தார். பள்ளம் 50 மைக்ரான் என்றதும் சிரிப்பு நின்றது. மைக்ரானில் பேசினால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மரியாதை வந்துவிடும். "அதுக்குள்ளயா பாட்டு இருக்குது?" என்று இரண்டு முறை கேட்டார். நைலான் ராடிலிருந்து 100 மில்லிமீட்டர் விட்டத்தில் இரண்டு வட்டுகள் கடைந்து கொடுத்தார். தட்டின் லேபிளை மட்டும் மேலும் கீழும் கவ்விப் பிடிக்க. முழுத் தட்டையும் தாங்குகிற பெரிய மேடை வேண்டாமென்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. கழுவிய பக்கத்தைத் திருப்பி அதே அழுக்கு மேடையில் வைத்தால் கழுவியதற்கு அர்த்தமில்லை. மெஷின் வாங்குகிறவர்களும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். வட்டுகளின் விளிம்பில் ஓ-ரிங் போட்டு விட்டது அவர் யோசனை. "தண்ணி பேப்பருக்குப் போகக் கூடாதில்ல." லேபிள் நனையாமல் இருப்பது அந்த ஓ-ரிங்கால்தான்.

சுற்றுவதற்குப் பழைய காரின் வைப்பர் மோட்டார். 12 வோல்ட், கியரோடு வரும், ஈரத்தட்டை வெல்வெட் அழுத்தும்போதும் திணறாது. உறிஞ்சுவதற்கு ஈரமும் இழுக்கும் வகை வேக்குவம் கிளீனர். சாதாரண வீட்டு கிளீனரில் தண்ணீர் போனால் மோட்டார் காலி, ஷாக்கும் அடிக்கலாம். குழாயில் பிளவு 90 மில்லிமீட்டர் நீளம், பாட்டு இருக்கிற பட்டையின் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேல் நீண்டால் காற்று சும்மா உள்ளே போய் இழுவை செத்துவிடும். வெல்வெட்தான் படுத்தியது. டெய்லர் கடை பிளவுஸ் வெல்வெட் நூலை உதிர்த்தது. பெங்களூர் நகரத்பேட்டையில் நகைப்பெட்டிக்கு ஒட்டுகிற வெல்வெட் வாங்கி வந்ததும் சரியானது. எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். என் மனைவி இதைச் சேமிப்பு என்று ஒத்துக்கொள்ளவில்லை.

தண்ணீர் இன்னொரு கதை. எங்கள் போர் தண்ணீர் காய்ந்தால் குழாய் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டும். அதை வைத்துக் கழுவினால் அழுக்கை எடுத்துவிட்டுக் கல்லைப் போடுவதாகும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் ஐந்து லிட்டர் கேன் வாங்கிக்கொண்டேன். நாலு பங்கு அதில், ஒரு பங்கு ஐசோப்ரோப்பைல், வாசனை இல்லாத சோப்புத் திரவம் சில சொட்டு. மறுபடி வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு அலசல். வினைலுக்கு மட்டும். 78 தட்டு இருக்கிற வீட்டில் பாட்டிலில் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள். நான் சிவப்பு மார்க்கரில் எழுதியிருக்கிறேன்.

'ஜானி'யை முதலில் தொடவில்லை. பெங்களூர் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் உறைகூட இல்லாத ஒரு ராஜ்குமார் படத்தட்டை வாங்கி வந்து அதில் கை பழகினேன். திரவத்தைப் பிரஷ்ஷால் பரப்பி, மூன்று நாலு சுற்று ஊறவிட்டு, குழாயை இறக்கி வேக்குவம் போட வேண்டும். இரண்டு சுற்று போதும். ஆசைப்பட்டுப் பத்துச் சுற்று உறிஞ்சினால் காய்ந்த தட்டில் வெல்வெட் உரசி ஸ்டாட்டிக் ஏறும். தட்டு அறையில் இருக்கிற தூசியையெல்லாம் வரவேற்று உட்கார வைக்கும். ஓசூரின் மார்கழி வறண்ட காற்றில் இதை நன்றாக அனுபவித்தேன்.

மெஷின் போடுகிற சத்தம் சின்ன அறையில் சகிக்காது. மகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பவர் அப்பா ஒருவர்தான். முப்பது வருஷ பிரஸ் ஷாப் அவர் காதின் மேல் ஸ்தாயியை எடுத்துக்கொண்டது. ஆடியோகிராமில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் விழுந்து கிடக்கும். இரைச்சல் தின்கிற காதுகளுக்கு முதலில் அங்கேதான் அடி விழும் என்றார் டாக்டர். காதுக்கு அடைப்பான் எல்லாம் கொடுத்தார்களாம். "அதப் போட்டா சூப்பர்வைசர் கூப்புடறது கேக்காதுடா."

கடைசியாக 'ஜானி'. கழுவி முடித்து, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போனில் கேட்டேன். பொரிகிற சத்தம் போயிருந்தது. இரண்டாவது சரணம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஜானகி அந்தச் சொல்லை முழுசாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். முள் மாட்டவில்லை. நாற்பது வருஷமாக அந்த இடத்தில் இருந்தது கீறல் இல்லை. பள்ளத்தில் இறுகிக் கிடந்த ஏதோ ஒரு துளி. டீயோ, பாயசமோ.

ஆனால் குரல் உச்சிக்குப் போகிற இடங்களிலெல்லாம் ஒரு கரகரப்பு. 'ச' வருகிற ஒவ்வொரு சொல்லும் ஓரத்தில் கிழிந்திருந்தது. இன்னும் அழுக்கு என்று நினைத்து மறுபடி கழுவினேன். மூன்றாம் முறையும். பிறகு மகளின் யூஎஸ்பி மைக்ராஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். கறுப்பாக மின்ன வேண்டிய பள்ளத்துச் சுவர்கள் சத்தமான இடங்களில் சாம்பல் பூத்திருந்தன. தேய்மானம். எந்த மெஷினும் அதை உறிஞ்சி எடுக்காது.

அப்போதுதான் நாலணா ஞாபகம் வந்தது. முள் மாட்டுகிறது என்பதற்காக அப்பா டோன் ஆர்ம் நுனியில் ஒரு 25 பைசா நாணயத்தை ஒட்டி வைத்திருந்தார். அப்போது நிறைய வீடுகளில் இதுதான் வைத்தியம். அந்த நாணயத்தின் எடை 2.5 கிராம். என் இப்போதைய பிளேயரில் முள் தட்டின் மேல் அழுத்துகிற மொத்த எடையே இரண்டு கிராமுக்குள்தான். அவருடைய பிளேயர் அதற்கு முன்பே கனமான முள், அதையும் அவர் லேசில் மாற்ற மாட்டார். ஒரு துளிக்காக வைத்த நாணயம் அந்தத் துளியை ஒன்றும் செய்யவில்லை. மற்ற 430 மீட்டரையும் உழுதுவிட்டது. ஈரப் பஞ்சில் ஐந்து நிமிடத்தில் போயிருக்க வேண்டிய துளி.

இதை அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆபீஸில் யாருடைய கோடில் தப்பு என்று கண்டுபிடித்தால் உடனே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறவன் நான். பாகவதர் விஷயத்தில் அவர் ஒன்றும் சொல்லாததும் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரை உட்கார வைத்துத் தட்டைப் போட்டேன். ஸ்பீக்கரில், அவருக்குக் கேட்கிற அளவு சத்தமாக. கரகரப்பு எனக்குப் பல்லைக் கூசியது. அவர் முகத்தில் ஒன்றுமில்லை. அந்த ஸ்தாயி அவர் காதுக்குள் போவதே இல்லை. அவருக்குக் கேட்கிற ஜானகி தேயாத ஜானகி. இரண்டாவது சரணம் நெருங்கியது. வட்டம் மாட்டுவதற்கு இரண்டு சொல் முன்னாலேயே அப்பா முழங்காலில் கையூன்றி எழுந்துவிட்டார். பிளேயர் பக்கம் இரண்டடி நடந்து, ஆட்காட்டி விரலை நீட்டினார். பாட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. விரல் அப்படியே நின்றது.

"போயிடுச்சா?" என்றார்.

"போயிடுச்சுப்பா. அழுக்குதான்."

கொஞ்ச நேரம் தட்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெஷினின் கழிவுப் பாட்டிலை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தார். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு விரற்கடை வண்டல்.

"இம்புட்டும் ஒரே தட்டுலயா?"

"இல்லப்பா, பதினோரு தட்டு."

"மிச்சத்த எப்பக் கழுவற?" என்று கேட்டுக்கொண்டே பீரோவுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.