காயில் கட்டும் கை

மலையடிவாரத்து ஊரான வேங்கிக்காலில் ஒரு பையனுக்கு, ஒயர் இல்லாமலே விளக்கை எரிய வைக்கும் டெஸ்லா காயில் செய்யும் ஆசை வந்தால், அவன் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் சாமான் எல்லாம் கிடைக்கும், கை கிடைக்காது. கிணற்று மோட்டார் எரிந்து வந்தால் பழைய கம்பியை உருவிப் போட்டு, புது எனாமல் கம்பியைப் பிசகாமல் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார்களே, அந்தக் கைதான் இதற்கும் வேண்டும்.

1891-இல் நிகோலா டெஸ்லா நியூயார்க்கில், கொலம்பியா கல்லூரியில், ஒயரே இணைக்காத கண்ணாடிக் குழாய்களை ஒளிர வைத்துக் காட்டினார். அதையே சின்ன அளவில் இன்று 9 வோல்ட் பேட்டரியில் செய்துவிடலாம். 2என்2222 டிரான்சிஸ்டர் ஒன்று, 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, ஒரு எல்இடி, ஒரு சாண் பிவிசி பைப். பைப்பில் 0.3 மில்லிமீட்டர் கம்பியை 300 சுற்றாவது சுற்ற வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது, இடைவெளியும் விழக்கூடாது. பைப்பைச் சுற்றுவதா கம்பியைச் சுற்றுவதா என்பதற்கே ஒரு பழக்கம் வேண்டும். பொழுது இதில்தான் போகும், ருசியும் இதில்தான். அடியில் தடித்த ஒயரில் 3 சுற்று. பழைய சிஎஃப்எல் பல்பைப் பக்கத்தில் கொண்டுபோனால் கையிலேயே எரியும். எரியாவிட்டால் அந்த 3 சுற்றின் முனைகளை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

இரண்டு காயிலும் ஒரே அதிர்வெண்ணில் துடிக்க வேண்டும் என்பதே சூட்சுமம். ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளினால் குழந்தை கை பட்டாலும் உயரே போகும்.

அடுத்து எல்லோருக்கும் நீளமான பொறி மீது கண் போகும். அவசரம் வேண்டாம் என்பேன். அதற்காகப் பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரைக் கழற்றிப் பரிசோதிப்பது விளையாட்டே அல்ல; ஏறக்குறைய 2000 வோல்ட், அதுவும் ஆளைக் கொல்லும் ஆம்பியரோடு. ஸ்விட்சை அணைத்த பிறகும் அடுப்பின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மேலே பறக்கும் பொறியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், கீழே சத்தமில்லாமல் இருக்கும் இந்த மின்சாரத்தைக் கவனிப்பதில்லை.

பெரிய காயிலுக்கு எர்த்தும் தனி. வீட்டு எர்த்தில் கொடுத்தால் உயர் அதிர்வெண் மின்சாரம் ஒயரிங் முழுக்க ஓடி, டிவி பெட்டியைப் பதம் பார்க்கும். மலையடிவாரத்தில் பாறை தட்டும் மண்ணில் குழி தோண்டி, கம்பி இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூட வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அந்தக் குழிக்கு அடிக்கடி தண்ணீரும் ஊற்ற வேண்டியிருக்கும்.