பத்து ரூபாய் நாணயம் சொன்ன சேதி
(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை)



'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்றார்கள் பெரியவர்கள். இன்று அவர்கள் இருந்தால் 'ஃப்ளாட்டை வாங்கிப் பார்' என்றும் சேர்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது.

அக்காவும் மாமாவும் தாம்பரத்தைத் தாண்டி, புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் இரண்டாவது மாடி வீட்டுக்குப் பணம் கட்டினார்கள். பாதி பேங்க் லோன். மீதியில் பெரும்பகுதி, அப்பா ரிட்டயர் ஆனபோது வந்த பணம். பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. கடைசித் தவணை மட்டும்தான் பாக்கி.

"நம்ம வீட்லயே ஒரு சிவில் இன்ஜினியர் இருக்கான். அவன் பார்த்துச் சொல்லட்டும்" என்றார் அப்பா. எனக்குத் தலைகால் புரியவில்லை! போனேன். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த சுவர் கண்ணாடி மாதிரி மின்னியது. தரையில் முகம் தெரிந்தது. "சூப்பரா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டேன். தூக்குக்குண்டு வீட்டில் இருந்தது. எடுத்துப் போகக்கூடத் தோன்றவில்லை.

கீழே இறங்கும்போது சைட் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நம் பாலிடெக்னிக்கில் படித்த சீனியர் அவர்!

"தம்பி, கடைசித் தவணை கட்டுறதுக்கு முன்னாடி வெளி ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து பாருங்க."

"நீங்களே பார்த்துச் சொல்லுங்களேன் அண்ணே?"

"எனக்குச் சம்பளம் யாரு தர்றாங்க?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் இன்ஜினியரைப் பிடித்தோம். ஃபீஸ் ஐயாயிரம். "அந்தக் காசுக்கு ரெண்டு ஃபேன் மாட்டலாமே" என்று மாமா முணுமுணுத்தார். கட்டடம் கட்டியவருக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவரிடம் அதுதான் எனக்குப் பெரிய தகுதியாகத் தெரிந்தது.

வந்தவர் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டினார். 'டக் டக்' என்றால் கலவை நன்றாகப் பிடித்திருக்கிறது. 'டொக் டொக்' என்றால் அடியில் வெற்றிடம். ஹாலில் மட்டும் பதினான்கு 'டொக் டொக்'! பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தண்ணீர் ஜாலி பக்கம் போகாமல் எதிர் மூலையில் போய்த் தேங்கியது. அப்புறம் வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டோம். மறுநாள் முதல் மாடி வீட்டுப் பாத்ரூம் கூரையில் ஈரம்!

மின்துறை நண்பர்களே, இதைக் கேளுங்கள். டெஸ்ட் லாம்பை பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைத்தால் எரிகிறது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தால் எரியவில்லை. ஹீட்டர் பாயிண்ட்டுக்கு எர்த் கம்பியே இணைக்கவில்லை! அக்கா மகன் குளிக்கப் போகும் பாத்ரூம் அது. அதைத்தான் 'சூப்பர்' என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குறைகளை எழுதி, போட்டோவோடு கொடுத்தோம். "எங்க இன்ஜினியர் பார்த்து ஓகே பண்ணிட்டாரே" என்று மேனேஜர் குதித்தார். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆம் பிரிவை எங்கள் இன்ஜினியர் அமைதியாக எடுத்துச் சொன்னார். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து சொன்னால், 30 நாளுக்குள் கட்டியவரே இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். கடைசித் தவணை எங்கள் கையில் இருந்ததால் வேலை இன்னும் வேகமாக நடந்தது! பால் காய்ச்சுவது ஒரு மாதம் தள்ளிப்போனது. போகட்டும்.

ஆனால் நண்பர்களே, நாணயம் தட்டித் தெரிவது மேல்பூச்சுதான். கான்கிரீட்டுக்குள் போன கம்பியைப் பிறகு யார் பார்ப்பது? தூணில் 40 மில்லிமீட்டர் கவர் விட்டார்களா, குறைந்தது ஏழு நாளாவது க்யூரிங் செய்தார்களா என்பதெல்லாம் கட்டும்போதே பார்க்க வேண்டியவை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள்.

ஆகவே வீடு வாங்கும் சொந்தக்காரர்கள் கேட்டால், சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். க்யூப் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கடைசித் தவணைக்கு முன்பே இதையெல்லாம் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நாளை நம்மில் பலர் அந்த சீனியரின் இடத்தில்தான் நிற்கப் போகிறோம். அவர் தன் வேலைக்குப் பயந்தும், ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையையாவது சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும். அதைவிட, அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே வராதபடி வேலை வாங்கத் தெரிந்தால், நம் டிப்ளமோவுக்கு அதைவிடப் பெருமை வேறென்ன?

அந்தப் பத்து ரூபாய் நாணயத்தை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் செலவழிக்கவில்லை.