வயசு கேட்ட டாக்டர்

எனக்கு இருபது வயசு. ஓட்டு போட்டாச்சு, பைக் லைசென்ஸ் பாக்கெட்ல இருக்கு. ஆனா சட்டப்படி ஒரு பீர் வாங்க இன்னும் எட்டு மாசம் காத்திருக்கணும். தமிழ்நாட்டுல 21 வயசுக்குக் கீழே இருக்கறவங்களுக்கு மது விற்கக் கூடாது. நம்ம பசங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போனேன்!

போன வருஷம், ஃபர்ஸ்ட் இயர் பசங்க வந்த புதுசு. பெருங்களத்தூர்ல நாங்க நாலு பேர் எடுத்திருக்கற ரூம்ல 'வெல்கம் பார்ட்டி'. பத்து மணிக்குக் கடை மூடிடும். மணி ஒன்பதே முக்கால். "மச்சி, உனக்குத்தான் தாடி இருக்கு, நீயே போடா"ன்னு தள்ளிவிட்டாங்க. காலேஜ்ல ஃபைன் வாங்கிக் கொடுத்த தாடிக்கு அங்கே அப்படி ஒரு மரியாதை!

கடை வாசல்ல ஒரே தள்ளுமுள்ளு. கம்பிக்குள்ள கையை விட்டேன். "என்ன வேணும்? சில்லறையா கொடுப்பா." அவ்வளவுதான் கேள்வி. பத்தொன்பது வயசுக்காரன் கையில பை நிறைய பாட்டில்.

அந்தப் பையன் அன்னிக்குத்தான் முதல்முறை குடிச்சான். "சீனியர் சொல்றோம்ல, சும்மா அடி"ன்னு சொன்னதுல என் குரலும் இருந்துச்சு. பதினொன்றரைக்கு வாந்தி. அப்புறம் பேச்சே இல்லை. மோர் கொடுத்தோம், தலையில தண்ணி ஊத்தினோம், 'தூங்கினா சரியாயிடும்'னு மல்லாக்கப் படுக்க வெச்சோம். மூச்சு ஒரு மாதிரி இழுக்கவும்தான் பயந்துபோய் ஆட்டோ பிடிச்சோம்.

ஆஸ்பத்திரியில டியூட்டி டாக்டர் கேட்டார்: "வயசு என்ன?"

அன்னிக்கு ராத்திரி வயசைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"பதினேழு சார்."

"யார் வாங்கிக் கொடுத்தது?"

யாரும் வாயைத் திறக்கலை. 'மயக்கத்துல இருக்கறவனுக்கு வாயில எதையும் ஊத்தாதீங்க. மல்லாக்கப் படுக்க வெச்சா வாந்தி மூச்சுக்குழாயில அடைச்சு உயிரே போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு 108-க்கு அடிங்க' என்று திட்டிக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். நாங்க செஞ்சது ஒவ்வொண்ணும் தப்பு.

காலையில அவன் அம்மா போன். "தம்பி, அவன் போன் எடுக்கல. உங்க ரூம்லதானே இருக்கான்?" "ஆமாம்மா, தூங்கறான்"னு சொன்னேன். அந்தப் பொய் இன்னும் தொண்டையிலேயே நிக்குது.

நம்ம ஊர்ல சட்டத்துக்கா பஞ்சம்? 2003-ல டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில எடுத்துச்சு. விதிகள்ல 21 வயசுன்னு எழுதியிருக்காங்க. மாநகராட்சி, நகராட்சின்னா பள்ளிக்கூடத்துல இருந்து 50 மீட்டர், மத்த இடங்கள்ல 100 மீட்டர்னு தூரமும் இருக்கு. 2016-ல நேரத்தைக் குறைச்சு, மதியம் 12 மணிக்கு மேலதான் கடைன்னு ஆக்கினாங்க. நெடுஞ்சாலையில இருந்து 500 மீட்டர் தள்ளணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதால, 2017 ஏப்ரல்ல மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை மூடினாங்க. 2023-ல இன்னும் 500 கடை மூடல். கேரளாவுல 2017-ல வயசையே 23 ஆக்கிட்டாங்க.

தூரத்தை டேப் வெச்சு அளக்கலாம், நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்லலாம். வயசை? கவுன்ட்டர்ல யாராவது வாய்திறந்து கேட்டாத்தான் உண்டு. சினிமா டிக்கெட்டுக்குக்கூட 'ஏ' படம்னா ஆதாரைக் காட்டுங்கறாங்க. இங்கேயும் கேட்கட்டுமே!

ஆனா கேட்டாலும் ஒரு ஓட்டை இருக்கு. 21 தாண்டின ஒரு 'அண்ணன்' எல்லா ரூம்லயும் உண்டு. பதினேழு வயசுப் பையன் கைக்கு பாட்டில் வந்தது கடையில இருந்து இல்லை, என்கிட்டே இருந்துதான். கடைக்காரரை மட்டும் திட்டிட்டு நான் தப்பிக்க முடியாது.

பையன் பிழைச்சுட்டான். இப்ப செகண்ட் இயர். அவன் அம்மா ஊர்ல இருந்து முறுக்கு கொடுத்து அனுப்பும்போதெல்லாம் எனக்கும் தனியா ஒரு பொட்டலம் வருது.

போன வாரம் புதுசா வந்த ஒரு ஜூனியர் ஐந்நூறு ரூபாயை நீட்டினான். "அண்ணா, நீங்க போனா கடையில எதுவும் கேட்க மாட்டாங்களாம்."

"கடையில கேட்க மாட்டாங்கடா. நான் கேட்கறேன். உனக்கு என்ன வயசு?"