கால் கிலோ புத்தகம்

தமிழ்க் கிறிஸ்தவ வீடு ஒன்றில் எத்தனை வேதாகமங்கள் இருக்கும்? எண்ணிப் பாருங்கள். அப்பாவுடையது, அம்மாவுடையது, திடப்படுத்தலுக்குக் கிடைத்தது, கல்யாணத்தில் பரிசாக வந்தது, ஞாயிறு பள்ளி வசனப் போட்டியில் ஜெயித்தது... போதாக்குறைக்கு செல்போனிலும் ஒன்று. இத்தனை இருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில் "என் பைபிள் எங்கே?" என்ற சத்தம் மட்டும் ஓயாது!

நிறையக் கிடைக்கிற பொருளுக்கு மதிப்புத் தெரியாது என்பது வணிகவியல் மாணவர்கள் முதல் வருடத்திலேயே படிக்கிற பாடம். தண்ணீரையும் வைரத்தையும் வைத்துச் சொல்லித் தருவார்கள். வேதப்புத்தகத்துக்கும் அது பொருந்தும் போலிருக்கிறது. அதன் மதிப்பைப் பார்க்க, அது கிடைக்காத இடத்துக்குத்தான் போக வேண்டும்.

முதலில் வேல்ஸ். மேரி ஜோன்ஸ் ஒரு ஏழை நெசவாளியின் மகள். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவள். தாமஸ் சார்ல்ஸ் என்ற போதகர் ஊர் ஊராக நடத்திவந்த பள்ளிகளில் ஒன்றில் எழுத்துக் கற்றுக்கொண்டாள். படிக்கத் தெரிந்தது, படிக்கப் புத்தகம் இல்லை. பக்கத்துப் பண்ணை வீட்டில் இருந்த வேதாகமத்தைப் போய்ப் படித்துவிட்டு வருவாள். தனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஆறு வருடம் காசு சேர்த்தாள். 1800-ல், 15 வயதில், அந்தக் காசோடு பாலா என்ற ஊருக்குக் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் நடந்தே போனாள். அதுவும் மலைப்பாதையில், வெறுங்காலோடு.

வேல்ஸ் மொழியில் 1799-ல் அச்சிட்ட 10,000 பிரதிகள் வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்திருந்தன. டிமாண்ட் உண்டு, சப்ளை இல்லை. சார்ல்ஸ் வேறொருவருக்கு என்று எடுத்து வைத்திருந்ததை அவளுக்குக் கொடுத்தார் என்று சிலர் சொல்வார்கள். அடுத்த கட்டு வரும்வரை அவள் காத்திருந்து வாங்கினாள் என்பது இன்னொரு கதை. எப்படியோ, புத்தகம் அவள் கைக்கு வந்தது. இன்று அது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1800-ல் வாங்கினேன் என்று அவளே தன் கையால், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில், அதில் எழுதி வைத்திருக்கிறாள்.

வேல்ஸுக்கு மலிவு விலையில் வேதாகமம் வேண்டும் என்று சார்ல்ஸ் 1802-ல் லண்டனில் கேட்டார். வேல்ஸுக்கு மட்டும் ஏன், உலகத்துக்கே செய்யலாமே என்று அங்கே ஒருவர் சொல்ல, 1804-ல் பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின் பைபிள் சொசைட்டி பிறந்தது. இது பலருக்கும் தெரிந்த கதை. தெரியாத பாதி ஒன்று உண்டு. 1854-ல் சீனாவுக்குப் பத்து லட்சம் புதிய ஏற்பாடுகள் அனுப்ப அந்தச் சங்கம் நன்கொடை திரட்டியபோது, 70 வயதை எட்டிக்கொண்டிருந்த மேரி பத்து ஷில்லிங் கொடுத்தாள். வசதியான காலத்தில் அல்ல, வறுமையில் இருந்தபோது! இல்லாமை என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சீனாவில் 1966 முதல் 1976 வரை நடந்த கலாசாரப் புரட்சியில் ஆலயங்கள் மூடப்பட்டன. வேதாகமங்கள் எரிக்கப்பட்டன. தப்பித்த பிரதிகளைக் கையால் எழுதி எடுத்தார்கள். ஒருவருக்கு ஒரு சுவிசேஷம், இன்னொருவருக்குச் சில அதிகாரங்கள். காகிதம் கந்தலானதும் மறுபடி எழுத்து... சற்று யோசித்தால், ஜெராக்ஸ் எடுக்கவே சோம்பல்படுகிறவர்களுக்கு வெட்கமாக இருக்கும்.

பிறகு 1981 ஜூன் 18-ம் தேதி இரவு. ஷாண்டோ நகருக்கு அருகே ஒரு கடற்கரை. ஓப்பன் டோர்ஸ் அமைப்பைச் சேர்ந்த 20 பேர், ஒரு இழுவைப் படகும் கேப்ரியெல்லா என்ற மிதவைக் கப்பலுமாக வந்தார்கள். அதில் பத்து லட்சம் சீன மொழி வேதாகமங்கள். தண்ணீர் புகாதபடி கட்டிய 232 பொதிகள், ஒவ்வொன்றும் ஒரு டன். கணக்குப் போட்டால் ஒரு புத்தகம் 232 கிராம். கால் கிலோகூட இல்லை. பொதிகளைக் கடலில் இறக்கி, சின்னப் படகுகளால் கரைக்கு இழுத்தார்கள். கரையில் விசுவாசிகள் காத்திருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் கப்பல் திரும்பிவிட்டது.

சாகசக் கதையாகச் சொல்கிறவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஆனால் கப்பலில் வந்தவர்கள்தான் போனார்கள், கரையில் இருந்தவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், சிலர் கைதானார்கள். கைப்பற்றிய புத்தகங்கள் கடலில் வீசப்பட்டன. மீனவர்கள் அள்ளி வந்த அந்த நனைந்த பிரதிகள் கூரைகளில் காய்ந்தன. கடல்நீர் நாற்றத்தோடு அவை கைமாறின.

சீன அரசு அங்கீகரித்த சபைத் தலைவர்கள் இந்தக் கடத்தலைக் கடுமையாகக் கண்டித்தார்கள். எங்கள் நாட்டிலேயே அச்சடிக்கத் தொடங்கிவிட்டோம், வெளியார் ஏன் எங்கள் ஜனங்களை ஆபத்தில் மாட்டிவிட வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அல்ல. பத்து லட்சம் வேண்டும் என்று கேட்டதே வீட்டுச் சபை விசுவாசிகள்தான் என்று திட்டத்தை நடத்தியவர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் ஆபத்தைத் தெரிந்தே கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் கொடுப்பவன் நஷ்டமெல்லாம் காசு. வாங்குகிறவன் பணயம் வைப்பது வேறு. கணக்குப் புத்தகத்தில் இந்த இரண்டையும் ஒரே பத்தியில் எழுத முடியாது.

இன்றைய நிலை வேறு. நான்ஜிங்கில் உள்ள அமிட்டி அச்சகம், ஐக்கிய வேதாகமச் சங்கங்களின் உதவியோடு 1980-களின் இறுதியில் வேலை தொடங்கி, 2012-ல் பத்து கோடியாவது பிரதியையும் 2019-ல் இருபது கோடியாவது பிரதியையும் எட்டியது. வெளிநாடுகளுக்கும் ஏராளமாக அனுப்புகிறது. உலகின் மிகப்பெரிய வேதாகம அச்சகம் சீனாவில்தான்!

அதே சீனாவில் சாதாரணப் புத்தகக் கடையில் வேதாகமம் வாங்க முடியாது. இணையக் கடைகளில் கிடைத்துக்கொண்டிருந்ததும் 2018-ல் மறைந்துபோனது. முறையாக விற்பது அங்கீகாரம் பெற்ற சபைகளில்தான். கிராமத்தில் ஒரு வீட்டுக்குள் கூடி ஜெபிக்கிறவர், தன் பிரதியை வாங்கத் தான் போகாத சபையின் வாசலுக்குத்தான் போயாக வேண்டும். எத்தனை கிலோமீட்டர் என்பது ஊரைப் பொறுத்தது.